ஆள் குறைந்த ஓட்டலும் நமது பற்று வரவும்

ஓர் ஓட்டல் மூடப்படும்போது யார் யாருக்குப் பணம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் கையில் அட்வான்ஸ் இருக்கிறது. வங்கிக் கடன் இருந்தால் அதற்கு ஏதோ ஓர் ஈடு இருக்கிறது. கேஸ் சிலிண்டர் பெரும்பாலும் ரொக்கத்துக்குத்தான் வருகிறது. மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்பதால் அதுவும் எப்படியோ கட்டப்பட்டிருக்கும். ஈடும் இல்லாமல், அட்வான்சும் இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பிச் சரக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பால்காரர். மற்றவர் பலசரக்குக் கடைக்காரர்.

ஆகவே, ஆள் வரத்துக் குறைந்துவிட்ட ஓட்டலை எப்படித் தூக்கி நிறுத்துவது என்ற கேள்வி வணிகர் இதழுக்குப் புறம்பானது அல்ல. ஓட்டல்காரர் நமது வாடிக்கையாளர். அவருடைய மேசையில் உட்காருபவர் நமக்கு வாடிக்கையாளரின் வாடிக்கையாளர். அவர் வராமல் போனால், அந்த நஷ்டம் சில மாதங்கள் கழித்து நமது பேரேட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மடத்துக்குளத்தில் இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. உடுமலைக்கும் பழனிக்கும் ஏறக்குறைய நடுவில், கோவை - திண்டுக்கல் சாலையின் மேல் அமைந்த ஊர் இது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 209 என்றும், இப்போது 83 என்றும் எண் பெற்ற அந்தச் சாலைதான் இங்குள்ள ஓட்டல்களுக்குக் கல்லாவை நிரப்பி வந்தது. லாரிக்காரர், பழனிக்குக் காரில் போகும் குடும்பம், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வண்டியோடு போய்த் திரும்புபவர் என்று ஆள் தானாக வந்தது. ஒட்டன்சத்திரம் - மடத்துக்குளம் நான்குவழிச் சாலை 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நல்ல சாலை வந்தது நல்லதுதான். நமது சரக்கு வண்டிகளும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் நீண்ட தூரம் போகும் வண்டிக்கு ஊர்க் கடைவீதியில் நின்று இலை போட வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. நான்குவழிச் சாலை ஒதுங்கிப் போகும் எந்த ஊரிலும் முதல் அடி வாங்குவது ஓட்டலும் டீக்கடையும்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய உள் விஷயம் ஒன்று இருக்கிறது. சாலையோர ஓட்டல் என்பது திரும்ப வராத ஆளை வைத்துப் பிழைக்கும் தொழில். இன்று சாப்பிட்டவர் நாளை தாராபுரத்திலோ பெங்களூரிலோ இருப்பார். சாம்பார் சற்று நீர்த்திருந்தால் அவர் முகம் சுளிப்பார், பணம் கொடுப்பார், போய்விடுவார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து உட்காருவார். இருபது முப்பது வருடம் இப்படியே நடந்த ஓட்டலுக்கு, ஒரே ஆளை இரண்டாவது முறை வரவைக்கும் வித்தை கைவராமலே போய்விடுகிறது. சாலை ஆள் நின்றபின், இனிமேல் உள்ளூர் ஆளை நம்பித்தான் பிழைக்க வேண்டும். உள்ளூர்க்காரர் நேற்றைய சாம்பாரை நினைவில் வைத்திருப்பவர்.

ஆள் குறைந்ததும் ஓட்டல்காரர் வழக்கமாகச் செய்வது என்ன? வாசலில் புது ஃபிளெக்ஸ் போர்டு, வண்ண விளக்கு வைப்பார். நோட்டீஸ் அடித்து பஸ் நிலையத்தில் கொடுப்பார். நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் என்று பட்டியலை நீட்டுவார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பார். இவற்றில் தவறில்லை என்று வைத்துக்கொண்டாலும், இவை எல்லாம் புது ஆளை ஒரு முறை உள்ளே அழைத்து வரும் வேலையை மட்டுமே செய்யும். ஒரு முறை வந்து, வாய்க்குப் பிடிக்காமல் எழுந்து போனவர் நான்கு பேரிடம் சொல்வார். சரியில்லாத ஓட்டலுக்குச் செய்யும் விளம்பரம், அது சரியில்லை என்ற சேதியை வேகமாகப் பரப்பும் விளம்பரம்தான்.

விலைக் குறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விற்றார்கள். அரசு பணம் போட்டு நடத்துவது அது. இட்லியின் விலையில் போட்டி போட்டு எந்தத் தனியாரும் ஜெயிக்கப் போவதில்லை. ஆனாலும் அம்மா உணவகம் வந்த ஊர்களில் ஓட்டல்கள் எல்லாம் மூடிவிடவில்லை. ஜனங்கள் விலையை மட்டும் பார்த்துச் சாப்பிடப் போவதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

சிட்டை சொல்லும் சேதி

ஓட்டல் ஒன்று இறங்குமுகம் ஆகிறது என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே பலசரக்குக் கடைக்காரருக்குத் தெரியும். அவர் கையில் தினமும் வரும் சிட்டையே அதைச் சொல்லிவிடும்.

முதலில் அளவு மாறும். மூட்டையாக வாங்கியவர் 10 கிலோவாக வாங்குவார். பிறகு அன்றாடம் ஆள் அனுப்பி 2 கிலோ, 3 கிலோ என்று வாங்குவார். இது பணத் தட்டுப்பாட்டின் அறிகுறி. இதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்தது தரம் மாறும். முதல் ரகத் துவரம் பருப்பு எழுதிய இடத்தில் இரண்டாம் ரகம் வரும். பிறகு துவரையோடு கலக்க வேறு மலிவான பருப்பு வரும். கடலை எண்ணெய் போய் பாமாயில் வரும். உளுந்தின் அளவு குறைந்து, இட்லி அரிசியின் அளவு அப்படியே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நம் வியாபாரிகள் நன்றாக அறிவார்கள்: அரிசிக்கு உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும், அதை மறைக்கச் சோடா உப்பு சேரும், சாப்பிட்டவருக்கு வயிறு உப்பும். சிட்டையில் ஆப்ப சோடா அடிக்கடி எழுதப்பட்டிருக்கிறது என்றால் அந்த ஓட்டலின் பாக்கியை நாம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

எண்ணெய் இன்னொரு சாட்சி. போண்டா, பூரி எல்லாம் வழக்கம்போல் போட்டுக்கொண்டே எண்ணெய் வாங்குவது மட்டும் பாதியாகிவிட்டது என்றால், ஒரே எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிறது என்று அர்த்தம். எண்ணெய் பலமுறை காயும்போது அதில் சேரும் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்ணெயின் காறல் வாசனை தெருமுனை வரை வரும். வாசலில் எத்தனை விளக்குப் போட்டாலும் அந்த வாசனை ஆளைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஏன் இப்படிச் சரக்கில் கை வைக்கிறார்கள்? அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பதால் அல்ல. கணக்கு அப்படி ஆசை காட்டுகிறது. ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் எளிமைக்காக வைத்துக்கொண்டவை.

ஓர் ஓட்டலில் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாப்பிட்டால் 50 ரூபாய் வரவு. அதில் சரக்குக்கும் கேஸுக்கும் 25 ரூபாய் போய்விடுகிறது. மீதி 25. நாளொன்றுக்கு 120 பேர் வந்தால் கட்டுபடி. வருவது 100 பேர்தான். தினம் 500 ரூபாய் நஷ்டம்.

முதலாளி யோசிக்கிறார். சரக்கில் தலைக்கு 5 ரூபாய் குறைத்துவிட்டால் மீதி 30 ஆகும். 100 பேருக்கு 3,000. நஷ்டம் அன்றைக்கே நின்றுவிடுகிறது! புது ஆள் ஒருவரும் வேண்டியதில்லை. இந்தக் கணக்கு முதல் மாதம் சரியாகவும் இருக்கும். அதனால்தான் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் 100 பேரில் 16 பேர் நின்றுவிடுகிறார்கள். 84 பேருக்கு 30 வீதம் 2,520. மறுபடியும் 480 ரூபாய் நஷ்டம். பழைய இடத்துக்கே வந்தாயிற்று. ஆனால் இப்போது பருப்பும் போயிற்று, பெயரும் போயிற்று. அடுத்த 5 ரூபாயைக் குறைக்க இடமும் இல்லை.

இனி மறு வழி. தலைக்கு 2 ரூபாய் கூடுதலாகவே சரக்கில் போடுகிறார். மீதி 23தான். கட்டுபடியாக 131 பேர் வேண்டும். 31 புது ஆளுக்கு எங்கே போவது என்று மலைப்பாக இருக்கும். ஆனால் புது ஆள் தேவையில்லை. இப்போது வருகிறவர்கள் சராசரியாக வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார்கள் என்றால், அவர்களே நான்கு நாள் வந்தால் போதும். 100 என்பது 133 ஆகிவிடும். 133க்கு 23 வீதம் 3,059. மயிரிழையில் என்றாலும் லாபம் லாபம்தான். வாசலில் போகிற ஆயிரம் பேரை அழைப்பதைவிட, உள்ளே உட்கார்ந்திருக்கும் 100 பேரை வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வரவைப்பது கைக்கு எட்டும் காரியம். இந்த வழியில் சிரமம் ஒன்றுதான்: பலன் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை நஷ்டம் முன்னைவிடக் கொஞ்சம் கூடும். அந்த இரண்டு மூன்று மாதத்தை யார் தாங்குவது என்பதில்தான் நமக்கும் பங்கு வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பலசரக்குக் கடையிலிருந்து போனவர்

இந்த இரண்டாவது வழியில் போய் வென்றவர்களில் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரவண பவன் ராஜகோபால் ஓட்டல் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. தூத்துக்குடிப் பக்கம் புன்னையடி என்ற கிராமத்திலிருந்து வந்து, சென்னை கே.கே. நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கே.கே. நகரில் நல்ல ஓட்டல் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குத் தியாகராய நகர் வரை போக வேண்டியிருக்கிறது என்று கடைக்கு வந்த ஒரு விற்பனையாளர் சொன்னதுதான் அவர் மனதில் விதை போட்டது என்பார்கள். கவுண்டரில் நின்று வாடிக்கையாளர் குறையைக் காது கொடுத்துக் கேட்டதில் ஒரு தொழில் பிறந்தது.

1981ல் ஓட்டலைத் தொடங்கினார். எதை எடுத்தாலும் ஒரு ரூபாய் என்ற கணக்கில் விற்று, தேங்காய் எண்ணெயும் புதுக் காய்கறியுமாகச் சமைத்ததில் மாதம் 10,000 ரூபாய் வரை நஷ்டம். அந்தக் காலத்து 10,000 என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான சரக்கைப் போடுங்கள், ஆட்களுக்குச் சம்பளத்தைக் குறையுங்கள் என்று ஆலோசகர் ஒருவர் யோசனை சொன்னார். ராஜகோபால் அந்த ஆலோசகரை நிறுத்திவிட்டார், சரக்கின் தரத்தைக் குறைக்கவில்லை, சம்பளத்தை உயர்த்தினார். பேச்சு பரவியது, கூட்டம் வந்தது, நஷ்டம் லாபமாயிற்று. பிறகு அது வெளிநாடுகள் வரை போன கதை எல்லோரும் அறிந்தது.

அவருடைய பிற்கால வாழ்க்கையும் எல்லோரும் அறிந்ததே. 2001ல் நடந்த ஒரு கொலை வழக்கில் அவர் குற்றவாளி என்று 2004ல் தீர்ப்பாயிற்று. 2009ல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது; 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; அந்த ஆண்டு ஜூலையில் காலமானார். அதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையை மட்டும் எழுதுவது நமக்கு உடன்பாடில்லை. அவர் தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் போட்ட கணக்கு மட்டுமே இங்கே நமக்குப் பாடம்.

நமது வியாபாரிகள் ஒன்றைக் கேட்பார்கள். மாதம் 10,000 நஷ்டத்தை அவர் எப்படித் தாங்கினார்? முன்னரே கடை வியாபாரத்தில் இருந்தவர், கையில் வேறு வருமான வழி தெரிந்தவர். வெறும் கையோடு ஓட்டலை மட்டும் நம்பி இருப்பவர் ஒரு ரூபாய் இட்லி விற்று நஷ்டத்தைத் தாங்கப் பார்த்தால் மூன்றாம் மாதம் கடையைப் பூட்டுவார். ஆகவே விலையைக் குறைத்ததை நாம் பின்பற்றச் சொல்லவில்லை. சரக்கில் கை வைக்காததைத்தான் சொல்கிறோம்.

பெங்களூரு மாவள்ளி டிபன் ரூம், அதாவது எம்.டி.ஆர்., இன்னொரு விதமான உதாரணம். 1924ல் தொடங்கிய ஓட்டல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள். ரவா இட்லி அங்கே பிறந்தது என்று அவர்கள் சொல்வது வழக்கம். கிடைக்காத சரக்குக்குப் பதிலாக மட்டமான அரிசியைத் தேடாமல், கிடைக்கிற நல்ல சரக்கில் புதுப் பண்டம் செய்தார்கள். பிறகு 1975 நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, அந்த விலைக்குத் தங்கள் தரத்தில் கொடுக்க முடியாமல் திணறினார்கள். தரத்தை இறக்குவதற்குப் பதிலாக மசாலாப் பொடி, உடனடி மிக்ஸ் பாக்கெட் வியாபாரத்தில் கால் வைத்தார்கள். இன்று நம் கடை அலமாரியில் தொங்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டின் வரலாறு இதுதான்.

மடத்துக்குளத்தில் சாப்பிடுபவர் யார்

பெரிய ஊர்க் கதைகள் போதும். நம் ஊரில் ஓட்டலுக்கு வரக்கூடியவர் யார் என்று பார்ப்போம். இங்கேயும் பலசரக்குக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு ஓட்டல்காரருக்குத் தெரிவதில்லை.

வடமாநிலத் தொழிலாளர்களை எடுத்துக்கொள்வோம். உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசாப் பக்கத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். கோதுமை மாவு, கடுகு எண்ணெய், உருளைக்கிழங்கு, மசூர் பருப்பு ஆகியவற்றை அவர்கள் வாங்க ஆரம்பித்ததும் நம் கடைகளில் அந்தச் சரக்கு தானாக வந்துவிட்டது. கடுகு எண்ணெய் பாட்டிலை இருபது வருடத்துக்கு முன் இங்கே எத்தனை கடையில் பார்த்தோம்? ஆனால் ஓட்டல் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது. விடுமுறை நாளில் சமைக்க அலுத்துக் கடைவீதிக்கு வரும் அவர்களுக்கு ஆறு சப்பாத்தி, கெட்டியான பருப்பு, உருளைக்கிழங்குக் கறி என்று ஒரு தட்டு, வயிறு நிறைய, நிர்ணயமான விலையில் கொடுத்தால் வாராவாரம் வருவார்கள். எந்த நாளில் அவர்களுக்குச் சம்பளம், எந்த நாளில் கடைவீதிக்கு வருகிறார்கள் என்பதை நம்மால் ஓட்டல்காரருக்குச் சொல்ல முடியும்.

பெண்கள் விஷயம் அடுத்தது. ஆலைகளில் வேலை செய்வோரில் பெண்கள் நிறைய. தாலுகா அலுவலகத்துக்கு மனுவோடு வருவோரிலும், ஆஸ்பத்திரிக்குக் குழந்தையோடு வருவோரிலும் பெண்கள்தான் அதிகம். அவர்கள் ஓட்டலுக்குள் நுழையத் தயங்குவதற்குச் சாப்பாடு காரணம் இல்லை. சுத்தமான, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லை. கை கழுவும் இடம் வழுக்குகிறது. உட்காரும் இடத்துக்கு நேரே ஆண்கள் நின்று வெறிக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு ஃபிளெக்ஸ் போர்டும் வண்ண விளக்கும் போடும் செலவைவிடப் பெரிதாக அதிகம் இராது. ஒரு பெண்மணி நம்பி வரும் ஓட்டலுக்கு அவரது குடும்பமே வரும்.

பழனி பாதயாத்திரையைப் பற்றிப் பலருக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் நடந்து போகிறார்களே, அந்தக் கூட்டத்தைப் பிடித்தால் போதாதா என்பார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வழியெங்கும் அன்னதானப் பந்தல் இருக்கிறது; இலவசமாகச் சாப்பாடு கிடைக்கும் பக்தர் காசு கொடுத்து முழுச் சாப்பாடு வாங்கமாட்டார். அவருக்கு வேண்டியது விடியற்காலை 3 மணிக்குச் சூடாகக் காபி, சுக்குக் காபி, கால் வைத்துக்கொள்ள வெந்நீர், செல்போனுக்குச் சார்ஜ், கழிப்பறை. இவற்றைக் கொடுக்கும் ஓட்டலுக்கு அந்தச் சில நாளில் டீ, டிபன் வியாபாரம் உண்டு. ஆனால் வருடத்தில் சில நாள் கூட்டத்தை நம்பி 350 நாள் செலவைத் தூக்க முடியாது. அதை ஆடித் தள்ளுபடி மாதிரி ஒரு கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பண்டம். கோவையிலிருந்து திண்டுக்கல் வரை சாலையோரம் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் அதே பரோட்டா, அதே குருமா. திண்டுக்கல்லில் 1957ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த பிரியாணி ஓட்டல் சீரகச் சம்பா அரிசியில் ஒரு பிரியாணியைப் பிடித்துக்கொண்டு தலப்பாக்கட்டி என்ற பெயரில் நாடெங்கும் போயிற்று. நூறு பண்டம் அதற்குத் தேவைப்படவில்லை. நமது கொங்குப் பகுதியில் வீட்டில் ருசித்துச் சாப்பிடும் சந்தகையும் தேங்காய்ப் பாலும், அரிசிம்பருப்புச் சாதமும், கொள்ளுப் பருப்பும், பச்சைப்புளி ரசமும் எத்தனை ஓட்டலில் கிடைக்கின்றன? கொள்ளும் அரிசியும் பருப்பும் நம் கடையிலேயே இருக்கின்றன. தேங்காய்க்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. காலையில் சந்தகை, மதியம் அரிசிம்பருப்பு என்று ஏதாவது ஒன்றைத் தினமும், ஒரே நேரத்தில், ஒரே ருசியில், ஒரு நாளும் தவறாமல் கொடுக்கிற ஓட்டலுக்கு அந்தப் பண்டத்தின் பெயரே விளம்பரம். பட்டியலில் நாற்பது பண்டம் எழுதிவிட்டு, கேட்டால் முப்பதுக்கு இல்லை என்று சப்ளையர் சொல்வது ஆளை விரட்டும் வழி. தவிர, நாற்பது பண்டத்துக்கான சரக்கு வாங்கி வைத்துப் பாதி கெடுவதும் நமது கடன் பாக்கியில்தான் சேருகிறது.

பார்சல் பற்றிச் சுருக்கமாக: 2020ல் ஊரடங்கு வந்தபோது ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும் என்றார்கள். அந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் விட்டுப் போகவில்லை. பார்சல் சாம்பார் தண்ணீராக இருந்தால் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து திட்டுவார்கள். கடையில் என்றால் ஒருவர்தான். 2019 ஜனவரி 1 முதல் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கும் பைக்கும் தடை இருப்பதால் வாழை இலையில் கட்டிக் கொடுப்பதே முறை. அமராவதிப் பாசனத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. ஜி.எஸ்.டி.யில் காம்பொசிஷன் முறையில் இருக்கும் ஓட்டல்காரர் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வாங்கக் கூடாது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கேட்டுச் சத்தம் போட்டால் அன்றைய வியாபாரமே கெடும்.

நாம் செய்யக்கூடியது

இப்போது அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு வருவோம். ஓட்டல்காரர் திருந்தி நடக்கத் துணிகிறார். தாங்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர். இரக்கப்பட்டு மேலும் மேலும் கடன் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. ஒரே நாளில் சரக்கை நிறுத்துவதும் புத்திசாலித்தனம் அல்ல. சரக்கு நின்றால் ஓட்டல் நிற்கும், ஓட்டல் நின்றால் பழைய பாக்கி நிரந்தரமாக நிற்கும்.

இதில் சரியான வழி, பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அங்கேயே நிறுத்திவிடுவது. அதற்கு வட்டி ஏற்ற வேண்டாம். கல்லாவிலிருந்து தினம் 100 ரூபாயோ 200 ரூபாயோ, தவறாமல், நமது பையன் போய் வாங்கி வரட்டும். புதுச் சரக்குக்கு அன்றாட ரொக்கம், அல்லது அதிகம் போனால் ஒரு வாரத் தவணை. சரக்கு நல்ல சரக்காகவே இருக்க வேண்டும் என்று நாமே நிபந்தனை போடலாம். கடன்காரர் போடும் நிபந்தனைகளில் இதுவும் ஒன்றாக இருப்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அவர் மட்டமான பருப்பு வாங்குவதால் நமக்கு மிஞ்சும் லாபம் கிலோவுக்குச் சில ரூபாய். அதனால் ஓட்டல் மூடினால் போவது முழுப் பாக்கி. நம்மில் சிலர், பாக்கி வைத்திருப்பவர்தானே, கேட்கவா போகிறார் என்று விற்காத பழைய உளுந்தையும் வண்டு விழுந்த ரவையையும் அந்த ஓட்டலுக்குத் தள்ளிவிடுவது உண்டு. இது கூடாது என்பது நமது உறுதியான கருத்து. அந்த உளுந்தில் வந்த இட்லியைச் சாப்பிடாமல் எழுந்து போகிறவர் ஓட்டல்காரரின் கடனை மட்டுமல்ல, நமது வரவையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

ஒரே ஓட்டலுக்கு மூன்று கடைகளில் பாக்கி இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்தது. அந்த மூன்று பேரும் சங்கத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் மொத்தப் பாக்கி எவ்வளவு என்பது முதல் முறையாக வெளிச்சத்துக்கு வரும். சில சமயம் ஓட்டல்காரருக்கே அந்த மொத்தம் அப்போதுதான் தெரியவரும்.

மூன்று மாதம் நல்ல சரக்குப் போட்டு, நேரம் தவறாமல் திறந்து, கழிப்பறை கட்டி, ஒரு பண்டத்தை நிலைநிறுத்திப் பார்த்தும் ஆள் கூடவில்லை என்றால்? அப்படியும் நடக்கும். இடம் தவறாக இருக்கலாம். வாடகை தாங்க முடியாததாக இருக்கலாம். பக்கத்திலேயே நல்ல ஓட்டல் இருக்கலாம். அப்போது மூடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அட்வான்ஸ் வாடகையில் கழிந்து கரைவதற்கு முன், கிரைண்டரும் அடுப்பும் பாத்திரமும் நல்ல விலைக்குப் போகும்போதே முடிவெடுக்க வேண்டும். மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் சம்பள பாக்கி முதலில்; அடுத்துப் பால்காரர்; அதற்கடுத்து நாம். வீட்டுக்குத் திரும்பிப் போக பஸ் காசு இல்லாமல் நிற்கும் கிளீனர் பையனுக்கு முன்னால் பலசரக்குக் கடைக்காரர் கை நீட்டுவது அழகல்ல.